அம்பா, பட்டியலா, கிளையா? ‘இருந்தால் இருக்கும்’ விதிகளைத் தாளில் குறிக்கும் வழிகள்

ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு கேட் (CAT). அதில் தரவு விளக்கமும் தர்க்கமும் கலந்த டிஐஎல்ஆர் பகுதிக்கு 40 நிமிடம் தருகிறார்கள். 2024இல் அந்த நேரத்துக்குள் ஐந்து செட்டுகள் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் வினாத் தொகுப்புகள்), 22 வினாக்கள் இருந்தன. அட்டவணை, பயணப் பாதை, போட்டி முடிவு என வரும் செட்டுகளுக்கு நடுவே, ‘இவர் வந்தால் அவரும் வருவார், அவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார்’ என்ற வகை விதிகளும் தலைகாட்டும். அங்கே பலரும் தடுமாறுவது சிந்தனையில் அல்ல, தாளில். ஒரு பயிற்சி மையம் அம்புக்குறி போடச் சொல்கிறது. இன்னொன்று எல்லா வாய்ப்புகளையும் எழுதிவிடச் சொல்கிறது. பள்ளியில் வரைந்த வென்படத்தை நோக்கிக் கை தானாகவே போகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே புதிரில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

புதிர் இது. ஒரு கல்லூரி விழாவில் ஏழு கலைகளில் சரியாக நான்கை மேடையேற்ற வேண்டும்: கரகம், மயிலாட்டம், வில்லுப்பாட்டு, பறை, சிலம்பம், தெருக்கூத்து, ஒயிலாட்டம். விதிகள் ஐந்து.

1. கரகம் இருந்தால் மயிலாட்டமும் இருக்கும்.
2. மயிலாட்டம் இருந்தால் வில்லுப்பாட்டும் இருக்கும்.
3. பறை இருந்தால் வில்லுப்பாட்டு இருக்காது.
4. சிலம்பம் இல்லாவிட்டால் பறை இருக்கும்.
5. தெருக்கூத்து இருந்தால் கரகம், ஒயிலாட்டம் இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

ஏழில் நான்கைத் தேர்ந்தெடுக்க 35 வழிகள் உண்டு. அவற்றில் இந்த ஐந்து விதிகளுக்கும் தப்பிப் பிழைப்பவை எத்தனை? எவ்வளவு மையைச் செலவழித்து அதைக் கண்டுபிடிக்கலாம்?

வென்படத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ‘எல்லா மருத்துவர்களும் பட்டதாரிகள், சில பட்டதாரிகள் கவிஞர்கள்’ போன்ற கூற்றுகளுக்கு வட்டங்கள் அருமையான கருவி. அங்கே மூன்று வட்டங்களும் எட்டுப் பகுதிகளும் போதும். நம் புதிரில் ஏழு கலைகள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. ஆக 128 பகுதிகள் கொண்ட படம் வேண்டும். அதை வரைந்து முடிக்கும்போது தேர்வு அறையில் விளக்கை அணைத்திருப்பார்கள்.

அடுத்தது அம்பு. பயிற்சி உலகில் இந்த முறை வேரூன்றியதற்குப் பெரிய காரணம் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான எல்சாட். அதில் ‘லாஜிக் கேம்ஸ்’ என்று மாணவர்கள் அழைத்த ஒரு பகுதி பல ஆண்டுகள் இருந்தது. 35 நிமிடத்தில் நான்கு புதிர்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்கும் தேர்வுப் புதிர்கள் அதில் அடிக்கடி வந்தன. ஒவ்வொரு விதியையும் அம்பாக எழுது, உடனே அதன் கான்ட்ராபாசிட்டிவையும் பக்கத்தில் எழுது என்பது அங்கே பாலபாடம். நம் முதல் விதி இப்படி ஆகும் (~ என்றால் ‘இல்லை’):

க → ம
~ம → ~க

கரகம் இருந்தால் மயிலாட்டம் உண்டு, ஆகவே மயிலாட்டம் இல்லையென்றால் கரகம் இல்லை. இரண்டும் ஒரே செய்திதான். அம்பைத் திருப்ப வேண்டும், இரு முனையையும் எதிர்மறையாக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் தவறு. ‘மயிலாட்டம் இருக்கிறது, ஆகவே கரகமும் இருக்கும்’ என்பது விதியின் மறுதலை. பிதாகரஸ் தேற்றத்துக்கு மறுதலை உண்மையாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பத்தாம் வகுப்பிலிருந்தே கூட வருகிறதோ என்னவோ.

அம்பு தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது மூன்றாம், நான்காம் விதிகளில்தான். மூன்றாவது, ப → ~வி. பறையும் வில்லுப்பாட்டும் சேர்ந்து வராது என்பதே இதன் முழுப் பொருள். இரண்டுமே வராமல் போக இந்த விதி தடை சொல்லவில்லை. நான்காவது, ~சி → ப. சிலம்பம், பறை இரண்டில் ஒன்றாவது வந்தாக வேண்டும், இரண்டும் வந்தாலும் தவறில்லை. அவசரத்தில் இவ்விரண்டையும் ‘இதுவோ அதுவோ, ஒன்று மட்டும்’ என்று வாசித்துவிடுகிறோம். எதிர்மறைக் குறி அம்பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே இந்தக் குழப்பம் தீரும். குறி வலப்பக்கம் மட்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்து உள்ளே வர முடியாது. இடப்பக்கம் மட்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்து வெளியே போக முடியாது. இந்த ஒரு பார்வைக்காகவே அம்பு முறையைப் பழகலாம்.

தமிழில் சிந்திப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘நிதி வந்தால் நூலகம் ஞாயிறன்று திறக்கும்’ என்பதும், ‘நிதி வந்தால்தான் நூலகம் ஞாயிறன்று திறக்கும்’ என்பதும் ஒரு ‘தான்’ அளவே வேறுபடுகின்றன. அம்போ நேர் எதிர்த் திசையில் போகிறது. முதலாவதில் நிதி → ஞாயிறு. இரண்டாவதில் ஞாயிறு → நிதி. நிதி வந்தும் வேறு காரணத்தால் நூலகம் பூட்டியே கிடக்கலாம். ஆங்கில வினாத்தாளில் ‘ஒன்லி இஃப்’ வரும்போது மனத்துக்குள் ‘தான்’ சேர்த்து வாசித்துப் பார்த்தால் திசை தவறாது.

பத்து வரிகள் எழுதியாயிற்று. இனி அவற்றைக் கோத்தால்:

க → ம → வி → ~ப → சி

இதைப் பின்னாலிருந்து புரட்டினால்:

~சி → ப → ~வி → ~ம → ~க

பார்க்க அழகாக இருக்கிறது. நான்கு விதிகள் ஒரே கோட்டில் அமர்ந்துவிட்டன. கரகம் வந்தால் சிலம்பம் வரும் என்ற, எந்த விதியிலும் நேராகச் சொல்லப்படாத செய்தி கிடைத்துவிட்டது. ஆனால் ஐந்தாம் விதி இந்தக் கோட்டில் ஏற மறுக்கிறது. ‘தெ → க அல்லது ஒ’ என்று எழுதலாம், எழுதிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். தெருக்கூத்து உள்ளே என்றால் அடுத்து எங்கே போவது? அம்பு இரண்டாகப் பிரிந்து, இரண்டில் எது என்று சொல்லாமல் விடுகிறது. புரட்டினாலும் அதே கதைதான்: கரகமும் ஒயிலாட்டமும் இரண்டுமே இல்லாவிட்டால்தான் தெருக்கூத்து இல்லை என்று முடிவு கட்டலாம். ஒன்று மட்டும் இல்லையென்றால் எதுவும் நகராது.

கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். ஒவ்வொரு விதியிலும் இரண்டே உறுப்புகள் இருக்கும் சிக்கலை ‘2-சாட்’ என்பார்கள். நாம் போட்டதைப் போன்ற அம்பு வலையை வைத்து அதைக் கணினி மிக வேகமாகத் தீர்த்துவிடும். விதிக்கு மூன்று உறுப்புகள் என்று ஆனவுடன் அது ‘3-சாட்’ ஆகிவிடுகிறது. எல்லாச் சமயத்திலும் விரைவாகத் தீர்க்கும் வழி அதற்கு இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. ஐந்தாம் விதியில் அம்பு திணறுவது உங்கள் கையெழுத்தின் குறை அல்ல.

அம்பு முறையின் இன்னொரு குறை இதைவிடப் பெரியது, அதிகம் பேசப்படாதது. ‘சரியாக நான்கு’ என்ற எண்ணை எந்த அம்பும் சுமக்காது. மேலே உள்ள சங்கிலியை எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் இந்தப் புதிரின் மிகப் பெரிய ரகசியம் அதில் தெரியாது.

அது தெரிவது பட்டியலில். ஒவ்வொரு கலையும் உள்ளே வந்தால் என்ன ஆகும், வெளியே போனால் என்ன ஆகும் என்று முழு விளைவையும் ஒரே வரியில் எழுதிவைப்பதுதான் இந்த முறை. மொத்தம் 14 வரிகள் வர வேண்டும். சில வரிகளில் எழுத எதுவுமே இராது, அவற்றை விட்டுவிடலாம். முக்கியமானவை:

க உள்ளே: ம, வி, சி உள்ளே; ப வெளியே
வி உள்ளே: சி உள்ளே; ப வெளியே
ப உள்ளே: வி, ம, க வெளியே
வி வெளியே: ம, க வெளியே
சி வெளியே: ப உள்ளே; வி, ம, க வெளியே

சங்கிலியில் இருந்த செய்திதான், புதிதாக எதுவும் இல்லை. ஆனால் இப்போது தலைகளை எண்ண முடிகிறது. ஏழில் நான்கு உள்ளே என்றால் வெளியே மூன்றுக்குத்தான் இடம். கடைசி வரியைப் பாருங்கள். சிலம்பம் வெளியே போனால் கூடவே வில்லுப்பாட்டு, மயிலாட்டம், கரகம் மூன்றும் போகின்றன, ஆக நான்கு. இடம் இல்லை. ஆகவே சிலம்பம் எப்போதும் உள்ளே. முதல் வரியும் பேசுகிறது: கரகம் வந்தால் மயிலாட்டம், வில்லுப்பாட்டு, சிலம்பம் சேர்ந்து நான்கு இடமும் நிரம்பிவிடும். வேறு யாருக்கும் இடமில்லை. எனவே கரகம் இருக்கும் மேடையில் தெருக்கூத்து இராது. அப்படியானால் தெருக்கூத்து வரும்போது ஐந்தாம் விதியின் ‘அல்லது’ ஒயிலாட்டமாகத்தான் இருக்க முடியும். அம்பில் ஏற மறுத்த விதி, எண்ணிப் பார்த்ததும் தானாகவே நேராகிவிட்டது.

இந்த முறையின் செலவு எழுதும் நேரம்தான். பழகிய கைக்கே இரண்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும். ஒரு வரியில் ஒரு விளைவை விட்டுவிட்டால் அந்தப் பிழை எல்லா வினாக்களுக்கும் பரவும். அதனால் அம்பே போடாமல் நேராகப் பட்டியலுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசி வழி, கிளை பிரிப்பது. ஒரு கலையைத் தேர்ந்தெடுத்து, அது இருந்தால் ஒரு கிளை, இல்லாவிட்டால் இன்னொரு கிளை என்று முழு மேடைகளையும் எழுதிவிடுவது. எதில் பிரிப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. கரகத்தில் பிரித்தால், ‘இருந்தால்’ கிளை உடனே முடிந்துவிடும். ‘இல்லாவிட்டால்’ கிளையில் எதுவும் நடக்காது, தொடங்கிய இடத்திலேயே நிற்போம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏதாவது நடக்கும் உறுப்பு வேண்டும், சங்கிலியின் நடுப்பகுதியில் இருப்பது. இங்கே அது பறை.

பறை உள்ளே: வில்லுப்பாட்டு, மயிலாட்டம், கரகம் வெளியே. மூன்று இடமும் தீர்ந்தன. மீதி எல்லாம் உள்ளே வர வேண்டும். ப, சி, தெ, ஒ. ஐந்தாம் விதியையும் ஒயிலாட்டம் காப்பாற்றுகிறது. ஒரு மேடை.

பறை வெளியே: சிலம்பம் உள்ளே. வில்லுப்பாட்டும் வெளியே போனால் மயிலாட்டமும் கரகமும் பின்தொடரும், நான்கு பேர் வெளியே, இடமில்லை. ஆகவே வில்லுப்பாட்டு உள்ளே. மீதி இரண்டு இடத்துக்குக் கரகம், மயிலாட்டம், தெருக்கூத்து, ஒயிலாட்டம் போட்டி போடுகின்றன. ஆறு இணைகள். கரகத்தோடு தெருக்கூத்தோ ஒயிலாட்டமோ சேர்ந்தால் முதல் விதி முறியும். மயிலாட்டத்தோடு தெருக்கூத்து சேர்ந்தால் ஐந்தாம் விதி முறியும். மிஞ்சுபவை மூன்று: சி, வி, க, ம; சி, வி, ம, ஒ; சி, வி, தெ, ஒ.

முப்பத்தைந்தில் நான்கு. அவ்வளவுதான் இந்தப் புதிர்.

இனி எந்த வினா வந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை, பார்த்துச் சொன்னால் போதும். மயிலாட்டமும் தெருக்கூத்தும் சேர்ந்து வருமா என்று கேட்டால் ஒருபோதும் சேராது என்ற விடை நான்கு வரிகளில் நேராகத் தெரிகிறது. அம்புகளில் இந்த இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம் விதி ‘இரண்டும் இல்லாமல் போகலாம்’ என்று விட்டுவைத்திருந்ததே, அந்த வாய்ப்பும் இங்கே மூடிவிட்டது. நான்கு மேடையிலும் பறை, வில்லுப்பாட்டு இரண்டில் சரியாக ஒன்று இருக்கிறது. விதி அனுமதித்ததை எண் மறுத்துவிட்டது.

இப்படிப் பார்த்தால் எப்போதும் கிளை பிரிப்பதே சிறந்தது என்று தோன்றும். பல பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே ஐந்து விதிகளை வைத்துக்கொண்டு ‘சரியாக நான்கு’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், எத்தனை கலைகள் வேண்டுமானாலும் வரலாம் என்று வையுங்கள். பறை உள்ளே என்ற கிளையில் ஆறு மேடைகள், வெளியே என்ற கிளையில் பதின்மூன்று. மொத்தம் 19 மேடைகள். அதை எழுதி முடிப்பதற்குள் பக்கத்து செட்டின் எளிதான இரண்டு வினாக்கள் கைவிட்டுப் போய்விடும். எழுதிய பிறகும் 19 வரிகளைத் துழாவி விடை தேடுவது பார்த்துச் சொல்லும் வேலை அல்ல. இந்த நிலையில் பட்டியல்தான் கைகொடுக்கும். வினா ‘இன்னது இருந்தால்’ என்று தொடங்கும்போது உரிய வரியை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஆக, எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. விதிகளின் எண்ணிக்கையோ மொழியின் கடினமோ இரண்டாம் பட்சம். ‘சரியாக நான்கு’, ‘ஒவ்வொரு குழுவிலும் மூவர்’ என்று எண் இறுக்கமாக இருந்தால் அம்புகளை ஓரமாக எழுதி, சங்கிலியின் நடுவில் இருப்பதை எடுத்துக் கிளை பிரிப்பேன். ‘குறைந்தது இரண்டு’ என்பது போல எண் தளர்வாக இருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ பட்டியல். கிளை பிரிக்கத் தொடங்கி ஐந்தாறு மேடைகளைத் தாண்டியும் முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பலாம். அம்புகள் ஏற்கெனவே ஓரத்தில் இருப்பதால் எதுவும் வீணாகாது. எல்லா அம்புகளையும் ஒரே படத்தில் குறுக்கும் நெடுக்குமாக இணைக்கும் வலைப்படத்தை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். வரைந்தவருக்கே இரண்டு நிமிடத்தில் புரியாமல் போகும்.

தேர்வுக்குத் தேர்வு கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கேட் தேர்வில் ஐந்து செட்டையும் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றை முழுதாக முடிப்பவருக்கு ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. அதனால் தொடக்கத்தில் மூன்று நான்கு நிமிடம் செலவழித்துக் கிளைகளை எழுதுவது கட்டுப்படியாகும். ஒரு செட்டுக்கு நான்கைந்து வினாக்கள் என்பதால் அந்த முதலீடு திரும்பியும் வரும். வங்கித் தேர்வுகள் சேர்க்கைத் தேர்வுகள் அல்ல, ஆனால் ஒரே மாணவர் இரண்டுக்கும் படிப்பது நம் ஊரில் சகஜம். வங்கி அதிகாரிப் பணிக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வின் ரீசனிங் பகுதியில் 20 நிமிடத்துக்கு 35 வினாக்கள். அங்கே பதினான்கு வரிப் பட்டியலுக்கு நேரமே கிடையாது. வரும் புதிர்களும் பெரும்பாலும் ஒரே ஒரு முடிவான அமைப்பைக் கொண்ட இருக்கை வரிசைகள். நிபந்தனை ஒன்றிரண்டு வந்தால் இரண்டு கிளை போட்டு, முரண்படும் கிளையை அடித்துவிட்டு நகர்வதே அங்கே நடைமுறை.

எல்சாட் எழுதப்போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறாகிவிட்டது. பார்வையற்ற விண்ணப்பதாரர்கள் தொடுத்த வழக்கில், லாஜிக் கேம்ஸ் பகுதி படம் வரைவதையே நம்பியிருப்பதால் தங்களுக்குச் சமவாய்ப்பு இல்லை என்று வாதிட்டார்கள். 2019இல் ஏற்பட்ட சமரசத்தின்படி தேர்வை நடத்தும் அமைப்பு மாற்று வழி காண ஒப்புக்கொண்டது. 2024 ஜூன் தேர்வோடு அந்தப் பகுதி முடிந்தது. ஆகஸ்ட் முதல் அதன் இடத்தில் இன்னொரு லாஜிக்கல் ரீசனிங் பகுதி வந்துவிட்டது. அதில் நிபந்தனை வாக்கியங்கள் இன்னும் உண்டு, ஆனால் ஒரு சிறு பத்திக்குள் ஒன்றோ இரண்டோ மட்டும். 35 நிமிடத்தில் சுமார் 25 வினாக்கள், வினாவுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அங்கே கிளையும் பட்டியலும் வீண். ஓர் அம்பு, அதன் கான்ட்ராபாசிட்டிவ், அதற்கு மேல் எழுதத் தேவையில்லை. ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ இரண்டையும் எழுதாமலேயே திருப்பத் தெரிந்தால் இன்னும் நல்லது.

கைவிடப்பட்ட அந்த லாஜிக் கேம்ஸ் தாள்கள் இப்போது கேட் மாணவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். விதிகள் சுருக்கமானவை. பெயர்களும் பெரும்பாலும் வேறு வேறு எழுத்தில் தொடங்குவதால் ஓர் எழுத்துச் சுருக்கம் இடிக்காது. கேட் தாள்களில் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது, ‘அ’வில் தொடங்கும் மூன்று பெயர்கள் ஒரே செட்டில் நிற்கலாம். பழைய தாளில் உள்ளே-வெளியே வகைப் புதிர் ஒன்றை எடுத்துக் கிளை பிரித்துத் தீர்த்துவிட்டு, அதிலிருக்கும் எண் கட்டுப்பாட்டை நீக்கி மறுபடி பட்டியலால் தீர்த்துப் பாருங்கள். எந்த வினாக்களின் விடை மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போனால், எண் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.